வழக்கு முடியும் முன்னே வக்கீலை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்

எனக்கு ஆத்திரம் அடங்கவே மாட்டேன் என்கிறது. சூப்பர் ஹீரோ காமிக்ஸில் சட்டத்தைக் கையில் எடுத்து யாராவது உருப்படியாக ஒரு தொடர் ஆரம்பித்தால் போதும், நாம் கோர்ட்டுக்குள் போய் உட்கார இடம் பிடிப்பதற்குள் தொடரையே இழுத்து மூடிவிடுகிறார்கள். ஒரு முறை நடந்தால் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். 20 வருடமாக இதே கதை. அதுவும் பெரும்பாலும் ஒரே ஆளுக்கு, மார்வெலின் பச்சை நிறப் பலசாலி வக்கீலான ஷீ-ஹல்க்குக்கு.

2014 பிப்ரவரியில் மார்வெல் அவளுடைய தொடரைப் புதிதாகத் தொடங்கியது. எழுதியவர் சார்ல்ஸ் சூல், வரைந்தவர் ஹாவியர் புலிடோ. சூல் சும்மா சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுத வந்தவர் இல்லை, வக்கீலாகவே தொழில் செய்தவர். அது முதல் இதழிலேயே தெரிந்துவிடும். ஜெனிஃபர் வால்டர்ஸ் (ஷீ-ஹல்க்கின் நிஜப் பெயர்) வேலை பார்க்கும் பெரிய சட்ட நிறுவனம் அவளுக்கு போனஸ் இல்லை என்று கையை விரிக்கிறது. ராப்பகலாக உழைத்த கணக்கெல்லாம் அவர்களுக்கு வேண்டாம். உன் சூப்பர் ஹீரோ நண்பர்களை ஏன் கட்சிக்காரர்களாகக் கூட்டிவரவில்லை என்பதுதான் கேள்வி. மேசையை உடைத்துப்போட்டுவிட்டு வெளியே வருகிறாள். அடுத்து அவள் எடுக்கும் கேஸ், இறந்துபோன ஒரு வில்லனின் மனைவிக்காக, அயர்ன் மேன் டோனி ஸ்டார்க்கின் நிறுவனத்துக்கு எதிராக. என் கணவரின் கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டு பணம் தரவில்லை என்கிறாள் அந்த அம்மா. ஸ்டார்க்கின் வக்கீல் எதையும் மறுத்துப் பேசுவதில்லை. காகிதத்தின் மேல் காகிதமாகப் போட்டு, இழுத்தடித்தே எதிராளியைக் களைக்க வைக்கப் பார்க்கிறார். கோர்ட் படி ஏறிய யாருக்கும் இந்த வித்தை தெரியும்.

மூன்றாவது இதழ்தான் என்னைக் கட்டிப்போட்டது. டாக்டர் டூம் என்ற வில்லனின் வாரிசு கிறிஸ்டாஃப், அப்பனிடமிருந்து தப்பித்து அமெரிக்காவில் அரசியல் தஞ்சம் கேட்க வருகிறான். அமெரிக்கச் சட்டப்படி நாட்டுக்குள் வந்த ஒரு வருடத்துக்குள் தஞ்ச மனு தாக்கல் செய்தாக வேண்டும். இவனுக்கு அந்தக் கெடு அன்றைக்கே முடிகிறது! டூமின் ரோபோக்களை அடித்து நொறுக்கிக்கொண்டு பையனை நீதிபதி முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அவளுடைய பலம் அத்தனையும் ஒரு மனுவை நேரத்துக்குள் தாக்கல் செய்வதற்காகச் செலவாகிறது. உலகம் அழியப்போகிறது என்று மாதாமாதம் மிரட்டும் எந்தக் கதையிலும் எனக்கு இந்தப் பதற்றம் வந்ததில்லை. ஏனென்றால் தஞ்ச மனுவும் கெடு தேதியும் நிஜம். அதைத் தவறவிட்டு வாழ்க்கையே தலைகீழாகிப்போன மனிதர்கள் நிஜம்.

அப்புறம் கேப்டன் அமெரிக்கா வழக்கு, 8 முதல் 10 வரை மூன்று இதழ்கள். வயதாகிப்போன கேப்டன் அமெரிக்கா, அதாவது ஸ்டீவ் ரோஜர்ஸ் மீது, 1940-இல் நடந்த ஒரு சாவுக்கு நீதான் காரணம் என்று வழக்கு. அவருக்காக ஜெனிஃபர் வாதாடுகிறாள், எதிர்த்தரப்பில் மேட் மர்டாக், அதாவது டேர்டெவில். ஒரு முதியவர் சாகும் தறுவாயில் தன் சகோதரனின் சாவைப் பற்றிச் சொன்னதுதான் குற்றச்சாட்டுக்கே அடிப்படை. மரண வாக்குமூலம் என்றால், சொன்னவரின் சொந்தச் சாவைப் பற்றியதாக இருக்க வேண்டும். நம் ஊரிலும் அப்படித்தான், அங்கேயும் அப்படித்தான். அப்படியென்றால் இந்த வாக்குமூலம் நிற்குமா? இதை வைத்து மணிக்கணக்கில் சண்டை போடலாம். அப்படிச் சண்டை போட வைக்கிற சூப்பர் ஹீரோ காமிக்ஸ் வருடத்துக்கு எத்தனை வருகிறது, சொல்லுங்கள்!

வழக்கு முடிந்து அடுத்த இரண்டே இதழில் தொடரும் முடிந்தது. மொத்தம் 12. ஆரம்பத்திலிருந்தே கூட வந்த நீலக் கோப்பு மர்மத்தை, அதாவது ஜெனிஃபருக்கே நினைவில்லாத ஒரு பழைய வழக்கின் மர்மத்தை, அவசர அவசரமாக அவிழ்த்து, கட்டிடத்தைக் காலி செய்வதுபோல் கதையைக் காலி செய்தார்கள். சூல் மேல் எனக்குக் கோபம் இல்லை. கிடைத்த பக்கத்தில் முடிந்ததைச் செய்தார். கோபம் எல்லாம், அந்தப் பக்கங்களைப் பிடுங்கிக்கொண்ட முறை மேல்.

அந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கும் வயிறு எரியும். அமெரிக்காவில் மாத இதழ்கள் முக்கியமாக காமிக்ஸ் கடைகள் வழியாகத்தான் விற்கின்றன. இதழ் வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பட்டியல் வெளியாகும், அதைப் பார்த்துக் கடைக்காரர் ஆர்டர் போட வேண்டும். விற்காமல் தேங்கினால் பொதுவாகத் திருப்பி அனுப்ப முடியாது, நஷ்டம் அவர் தலையில். அதனால் அவர் என்ன செய்வார்? ஸ்பைடர்மேன், பேட்மேன், எக்ஸ்-மென் என்று விற்பது உறுதியானதை அள்ளிப் போடுவார். வக்கீல் கதைக்கு, முன்கூட்டியே சொல்லி வைத்த நாலு பேருக்கு நாலு பிரதி. முதல் இதழ் கடைக்கு வந்து ஒருவர் படித்துப் பிடித்துப்போய் நண்பரிடம் சொல்லும்போது, அடுத்த இதழ்களுக்கான ஆர்டர் ஏற்கெனவே போயிருக்கும். படிப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஆர்டர் எண்ணிக்கை இதழுக்கு இதழ் சரிவதைக் காட்டி, வாசகர்கள் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். வாசகனை யாராவது கேட்டார்களா?

நான் சென்னையில் இருக்கிறேன். மாத இதழ் சூட்டோடு சூடாக என் கைக்கு வராது. ஐந்தாறு இதழ்களைச் சேர்த்துப் போடும் தொகுப்பு நூலாகத்தான் வாங்குகிறேன், இல்லாவிட்டால் மாதங்கள் கழித்துச் சந்தா செயலியில் படிக்கிறேன். என்னைப்போல உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். வக்கீல் கதையைத் தேடி வருகிற வாசகரும் பெரும்பாலும் புத்தகமாக வாங்குகிறவர்தான். எங்கள் பணம் வந்து சேரும்போது தொடரின் தலைவிதி முடிவாகியிருக்கிறது. காசு கொடுத்து வாங்கியும் நாங்கள் கணக்கில் இல்லை.

இதற்கு முன் டான் ஸ்லாட் எழுதிய ஷீ-ஹல்க் தொடருக்கும் இதேதான் நடந்தது. 2004-இல் தொடங்கியது. அதில் ஸ்பைடர்மேன், தன்னை எப்போதும் பழித்தே எழுதும் பத்திரிகைக்காரர் ஜே. ஜோனா ஜேம்சன் மீது அவதூறு வழக்கு போடுவார். எத்தனை வருடத்து வன்மம்! அதை ஒரே கோர்ட் அறையில் கொண்டுவந்து உட்கார வைத்தார் ஸ்லாட். சட்ட நிறுவனத்தின் நூலகத்தில் பழைய மார்வெல் இதழ்களே வழக்குக்கு ஆதாரமாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அப்பேர்ப்பட்ட கற்பனை. அதையும் 12 இதழில் நிறுத்தி, 2005 கடைசியில் மறுபடி ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்து, எழுத்தாளர் மாறியதும் அவளை வக்கீல் தொழிலிலிருந்தே வெளியே எடுத்து, தப்பியோடிய குற்றவாளிகளைத் துரத்திப் பிடிக்க அனுப்பினார்கள். 38-ஆம் இதழோடு 2009-இல் அதுவும் முடிந்தது. 2022-இல் ரெயின்போ ரோவெல் எழுத மறுபடி ஒன்றாம் எண், 15 இதழ்கள். மறுபடி ஒன்றாம் எண், 10 இதழ்கள். 2024-இல் மூடல்.

சட்டம் என்பதே முன்தீர்ப்புகளின் மேல் நிற்கிற சமாச்சாரம். ஒரு வழக்கில் சொன்னது பத்து வருடம் கழித்து இன்னொரு வழக்கில் வந்து நிற்கும். முகமூடி போட்டவர் தன் நிஜப் பெயரைச் சொல்லாமல் சாட்சி சொல்லலாமா என்ற கேள்வியை, 2017-இல் டேர்டெவில் இதழ்களில் சூல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தனக்கு எதிரான சாட்சியை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் உரிமை உண்டு என்கிறது அவர்கள் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம். முகமூடி அதில் எங்கே பொருந்தும்? பேட்மேன் ஒருவனைக் கட்டிப்போட்டுவிட்டுப் போனால், மறுநாள் கோர்ட்டில் யார் சாட்சி? போலீஸ் கமிஷனரோடு சேர்ந்து வேலை செய்கிறவர் வாரன்ட் இல்லாமல் வீடு புகுந்து எடுத்த ஆதாரம் செல்லுமா? இந்தக் கேள்விகள் நூறு இதழ் தாங்கும். ஒரு கதையின் தீர்ப்பு அடுத்த கதையைப் பாதிக்க வேண்டும். 12 இதழுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் அது எப்படி நடக்கும்?

இதில் எனக்குப் பொறுக்கவே முடியாதது இன்னொன்று. இந்த நிறுவனங்களுக்குச் சட்டத்தின் அருமை தெரியாது என்று சொல்லவே முடியாது. ஷீ-ஹல்க் பிறந்ததே சட்டக் காரணத்துக்காகத்தான் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. ஹல்க் தொலைக்காட்சித் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோது, தொடரைத் தயாரித்தவர்கள் பெண் ஹல்க் ஒன்றை உருவாக்கி உரிமை கொண்டாடிவிடுவார்களோ என்ற பயத்தில், 1980-இல் முந்திக்கொண்டு இவளைக் களத்தில் இறக்கினார்கள். ‘சூப்பர் ஹீரோ’ என்ற சொல்லுக்கே மார்வெலும் அதன் போட்டி நிறுவனமான டிசியும் கூட்டாக வணிகச் சின்ன உரிமை வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் மற்றவர்களை விரட்டின. 2024-இல்தான் அந்தப் பதிவுகள் ரத்தாயின. தங்கள் பெயரையும் பொம்மையையும் காப்பாற்ற வருடக்கணக்கில் வக்கீல்களுக்குக் கொட்டிக் கொடுக்கத் தெரியும். வக்கீலைப் பற்றிய கதைக்கு இரண்டு வருடம் பொறுக்கத் தெரியாது.

2022-இல் டிஸ்னி ஒளிபரப்பிய 9 எபிசோட் ஷீ-ஹல்க் தொடர்? அதில் வரும் சட்ட நிறுவனம் ஸ்லாட் உருவாக்கியது. மேலரி புக், பக் என்ற பாத்திரங்கள் எல்லாம் அவருடைய காமிக்ஸிலிருந்து வந்தவர்கள். விற்கவில்லை என்று நிறுத்திய கதைதான் பதினேழு வருடம் கழித்துத் திரைக்குத் தீனி போட்டது. அப்படியென்றால் அந்தக் கதையின் மதிப்பை மாத ஆர்டர் எண்ணிக்கையை வைத்து எடைபோட்டது தப்பு என்று இவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகவில்லையா?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இப்படிப்பட்ட தொடரைத் தொடங்கும்போதே 24 இதழ் என்று சொல்லித் தொடங்குங்கள். முதல் தொகுப்பு புத்தகக் கடைக்கு வந்து ஆறு மாதமாவது ஆகும் வரை நிறுத்தும் பேச்சை எடுக்காதீர்கள். டிஜிட்டலில் படிப்பவரையும் தொகுப்பு வாங்குபவரையும் சேர்த்து எண்ணுங்கள். மாத இதழாக ஓடாது என்று தோன்றினால் நேரடியாகப் புத்தகமாகவே போடுங்கள், வாங்க ஆள் இருக்கிறோம். சூலை மறுபடி கூப்பிட்டு, ஜெனிஃபருக்கு புரூக்ளினில் அந்தப் பழைய அலுவலகத்தைத் திருப்பிக் கொடுங்கள்.