துருவைத் துடைப்பவர்களை ஏளனம் செய்யாதீர்கள்

சென்ற வாரம் நம் நண்பர்கள் வட்டத்தில் சுற்றிவந்த அந்தப் படத்தையும் அதன் கீழே எழுதப்பட்டிருந்த வரியையும் உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து யங்ஸ்டவுனில் டாட் எஞ்சின் என்ற பழைய நீராவி எஞ்சினுக்கு அடியில் மண்டியிட்டுக் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்த முதியவரைப் படமெடுத்து, ‘காயலான் கடைக்குப் போக வேண்டியதைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்’ என்று எழுதியிருந்தார் நண்பர். முதியவருக்குப் பக்கத்தில் எண்ணெய்க் குப்பியோடு நிற்பது நான்தான். என்னைச் சொன்னது எனக்குப் பொருட்டில்லை. அவரைச் சொன்னதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

அது காயலான் கடைச் சரக்கு அன்று. 1914-இல் அதே யங்ஸ்டவுனில் வில்லியம் டாட் நிறுவனம் கட்டி, பிரையர் ஹில் எஃகு ஆலையில், எஃகை உருளைகளுக்கிடையே நசுக்கி வடிவமாக்கும் உருட்டாலையை இயக்கிய, சுமார் 260 டன் எடையுள்ள நீராவி எஞ்சின் அது. 34 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் உயரழுத்தத்தில் உழைத்த நீராவி அதில் வீணாகிவிடாமல் 68 அங்குல சிலிண்டருக்குள் சென்று இரண்டாம் முறையும் உழைக்கும். பழுக்கக் காய்ந்த எஃகு, உருளைகளுக்கிடையே நுழையும் கணத்தில் சட்டென்று ஏறும் சுமையை, அதன் பெரும் சக்கரம் தன் சுழற்சியில் சேர்த்துவைத்த ஆற்றலைக் கொண்டு தாங்கும். இவ்வளவையும் காகிதத்தில் வரைந்து, கையால் கணக்கிட்டு, வார்த்து, கடைந்து, பொருத்தியிருக்கிறார்கள். பொறியியல் படித்த நண்பருக்கு இதை நான் விளக்க நேர்ந்ததுதான் வருத்தமாக இருக்கிறது.

‘படமும் சிறிய மாதிரியும் போதாதா’ என்று கேட்கிறார்கள். போதாது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், போர்க்கப்பல்களுக்கான கவசத் தகடுகளை உருட்டிய 12,000 குதிரைத்திறன் கொண்ட ரிவர் டான் எஞ்சின், 1905-இல் கட்டப்பட்டது, கெல்லம் ஐலண்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது முன்னோக்கி ஓடி, நொடிகளில் நின்று, பின்னோக்கித் திரும்புவதைப் பார்த்த எவரும் படம் போதும் என்று சொல்ல மாட்டார்கள். இயந்திரத்தைச் செத்த பொருளாக வைத்திருப்பது வேறு, இயங்கும் நிலைக்குக் கொண்டுவர முயல்வது வேறு. பின்னதற்குத்தான் தெரிந்த கைகள் வேண்டும்.

அந்தக் கைகள் யாருடையவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் இருக்கும் முதியவர் இளம் வயதிலேயே ஆலைக்குள் நுழைந்தவர். டாட் எஞ்சின் இருக்கும் அதே வளாகத்தில், பிட்ஸ்பர்க்கின் ஜோன்ஸ் அண்ட் லாஃப்லின் ஆலையில் குறுகிய அகலத் தண்டவாளத்தின் மேல் எஃகுப் பாளங்களை இழுத்த 58-ஆம் எண் நீராவி ரயில் எஞ்சினும் இருக்கிறது. 1937-இல் போர்ட்டர் நிறுவனம் கட்டியது. அத்தகைய எஞ்சினின் எண்ணெய்க் கிண்ணத்துக்குள் கம்பளி நூலைத் திரியாக இடும் முறையை நான் கையேட்டில் படித்திருந்தேன். எத்தனை இழை இட்டால் எண்ணெய் எந்த வேகத்தில் சொட்டும், எவ்வளவு இறுக்கினால் பேரிங் காய்ந்துபோகும் என்பதை அவர் என் விரல்களைப் பிடித்துத்தான் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுத்தபடியே, 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை, கேம்ப்பெல் எஃகு ஆலை மூடப்படும் என்ற செய்தி ஊருக்குள் வந்த விதத்தைச் சொன்னார். அந்த ஒரே அறிவிப்பில் ஏறத்தாழ 5,000 பேரின் வேலை போயிற்று. அந்த ஊர் அந்த நாளை இன்றும் கறுப்புத் திங்கள் என்றே குறிப்பிடுகிறது. 1979-இன் முடிவில் பிரையர் ஹில் நின்றது. 1982-இல் யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் ஓஹையோ ஆலையில் இரும்பை உருக்கும் நான்கு ஊதுலைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1997-இல் பிரையர் ஹில்லின் ஜானெட் ஊதுலையும் போயிற்று. இத்தனையும் போன பிறகு எஞ்சியிருக்கும் ஒன்றைத் துடைப்பவரைப் பார்த்தா சிரிக்கிறீர்கள்?

பழைய கொதிகலன் ஆபத்தானது என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மை, அதை நான் மறுக்கவே இல்லை. 2001-இல் இதே ஓஹையோவின் மெடினா மாவட்டக் கண்காட்சித் திடலில் பழைய நீராவி டிராக்டர் வெடித்து ஐந்து பேர் இறந்தார்கள். கொதிகலனில் நீர்மட்டம் குறைந்து, தீ எரியும் அறையின் மேல்தகடு சூடேறி இடிந்ததுதான் காரணம். அதன்பின் மாநிலம் இத்தகைய கொதிகலன்களுக்கு ஆய்வையும், இயக்குபவர்களுக்கு உரிமத்தையும் கட்டாயமாக்கியது. ஆபத்தை அறிந்தவர்கள் இல்லாமற்போனால் ஆபத்து குறையாது, கூடும். நீர்மட்டக் கண்ணாடியைப் படிக்கத் தெரிந்தவர்கள் அருகிவருவதால்தான் அதைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன்.

ஆலைகள் காற்றையும் ஆற்றையும் கெடுத்தன என்பதும் உண்மை. 1948-இல் பென்சில்வேனியாவின் டொனோரா ஊரில் ஆலைப் புகைமூட்டத்தால் இருபது பேர் மாண்டார்கள். அந்தக் குற்றத்தை எஞ்சினின் மேலோ அதில் வேலை செய்தவர்களின் மேலோ சுமத்துவது நியாயமில்லை, அவ்வளவுதான்.

‘இது அமெரிக்கர்களின் சமாச்சாரம், நமக்கென்ன’ என்ற கேள்விதான் என்னை அதிகம் காயப்படுத்தியது. இந்த ஊரில் சம்பாதிக்கிறோம், இந்த ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறோம். இந்த ஊரை எழுப்பிய உழைப்பு மட்டும் நமக்கு அந்நியமாகிவிடுமா? விடுமுறை நாளில் கையில் எண்ணெய்க் கறை படிய நிற்பது நம் தகுதிக்குக் குறைவு என்ற எண்ணம்தான் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிறது. வேறெதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதையும் கேட்டுவிடுகிறேன். பிட்ஸ்பர்க்கில் எஃகு முதலாளி ஹென்றி கிளே ஃபிரிக் வாழ்ந்த கிளேட்டன் மாளிகைக்கு விருந்தினர்களை அழைத்துப்போய்ப் பெருமையோடு காட்டுகிறீர்களே, 1892-இல் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலைத் தொழிலாளர்களை எதிர்க்கக் கூலிப்படையை வரவழைத்தவரின் வீடு அது. மேசை, நாற்காலி, திரைச்சீலை வரை அனைத்தும் அக்கறையோடு காக்கப்பட்டிருக்கின்றன. அதைத் தவறென்று நான் சொல்லவில்லை. அந்தத் தொழிலாளர்கள் நின்ற ஹோம்ஸ்டெட் ஆலை 1986-இல் மூடப்பட்டது. இன்று அந்த இடத்தில் கடைவீதியும், வரிசையாகச் சில செங்கல் புகைபோக்கிகளும் இருக்கின்றன. முதலாளியின் வீட்டைப் பாதுகாக்கும்படி உயில் எழுதிவைக்க ஒரு மகள் இருந்தார். டாட் எஞ்சினுக்கு அப்படி யாரும் இல்லை. அதனால்தான் ஒரு காசும் வாங்காமல் சனிக்கிழமைகளில் வந்து சிலர் அதைத் துடைக்கிறார்கள்; அவர்களோடு நானும் தொடர்ந்து வருவேன்.