ஸ்டேஜ் லெஃப்ட் யாருடைய இடது?

நாடக ஒத்திகையில் "லெஃப்டுக்குப் போ" என்று மொட்டையாகச் சொல்லும் பழக்கம் எப்போதுதான் ஒழியுமோ! ஸ்டேஜ் லெஃப்ட் என்பது பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் இடது கைப் பக்கம். அவர் திரும்பி முதுகைக் காட்டினாலும் அது மாறாது. எதிரே நாற்காலியில் இருக்கிற இயக்குநருக்கு அது வலப்பக்கம். தன்னுடைய இடதைத்தான் சொல்ல வேண்டுமென்றால் ஹவுஸ் லெஃப்ட் என்று சொல்லலாமே, ஒரு சொல்தானே கூடுதல்?

சொல்லாததால் என்ன ஆகிறது? கடிதம் ஒரு பக்கத்து மேசையில் கிடக்கும். அதை எடுத்து வர வேண்டியவர் எதிர்ப்பக்கத்து விங்கில், அதாவது மேடையோர மறைவில், கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். ஆளில்லாத இடத்தில் விளக்கு எரியும். இருட்டில் காட்சி மாற்றும்போது இரண்டு பேர் ஒரே பெஞ்சை ஆளுக்கொரு திசையில் இழுப்பார்கள், விரல் நசுங்கும்.

அப்ஸ்டேஜ் என்ற சொல் படும் பாடு இன்னும் மோசம். அதற்கு மேடைமேல் ஏறு என்று பொருளே இல்லை. பழைய ஐரோப்பிய மேடைகள் பல, பின்புறம் உயர்ந்து முன்புறம் சரிந்திருந்தன. அதனால் பின்பக்கம் அப், பார்வையாளர் பக்கம் டவுன். ஒருவர் பின்னால் நகர்ந்துகொண்டால், அவரைப் பார்த்துப் பேச மற்றவர் அரங்கத்துக்கு முதுகு காட்டியாக வேண்டும். அடுத்தவர் மீதிருக்கும் கவனத்தைப் பறிப்பதற்கும் அப்ஸ்டேஜ் என்ற சொல் வந்தது இப்படித்தான்.

பிளாக்கிங், அதாவது யார் எங்கே நிற்பது, எப்படி நகர்வது என்று வகுக்கும் வேலை, தொடங்குமுன் இயக்குநர் மேசையின் வலது ஓரத்தில் 'ஸ்டேஜ் லெஃப்ட்' என்று எழுதி ஒட்ட ஒரு நிமிடம் போதும். அதைக்கூடச் செய்ய மாட்டேன் என்கிறார்கள்.