தொட்ட காயை நகர்த்துங்கள், அண்ணா

குன்னூரில் ஞாயிற்றுக்கிழமை கிளப் செஸ் ஆட்டம். வெளியே மூடுபனி, உள்ளே விரல் விறைக்கிற குளிர். 32-வது நகர்த்தலில் எதிரே இருந்த அண்ணன் மந்திரியைப் பிடித்து, பலகையிலிருந்து அரை அங்குலம் தூக்கிவிட்டார். அது எங்கே போனாலும் என் குதிரை ஒரே தாவலில் ராஜாவுக்குச் செக் வைத்து யானையையும் பிடித்துவிடும். அதைப் பார்த்ததும் மெதுவாக அதே கட்டத்தில் இறக்கி வைத்தார். "குளிர்ல கை பட்டுருச்சு தம்பி, சும்மா சரி பண்ணினேன்."

நகர்த்தும் எண்ணத்தோடு தொட்டால், நகர்த்த வழியிருக்கும்வரை அந்தக் காயைத்தான் ஆட வேண்டும். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி இது. சரிசெய்வதென்றால் தொடும் முன்பே சொல்ல வேண்டும், அதுவும் தன் முறையின்போது மட்டும். நானும் என் காயைத் தொடாமல், மந்திரியையே நகர்த்தச் சொல்லி உடனே கேட்டேன். தொட்டிருந்தால் கேட்கும் உரிமையே போயிருக்கும்.

பக்கத்து மேசைக்காரர்கள், "விடுப்பா, இது என்ன ஒலிம்பியாடா?" என்கிறார்கள். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த மாநிலம் இது! மூன்று மணி நேரம் யோசித்து அந்தக் குதிரையை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவன் நான். எப்படி விடுவது? கடைசியில் டிரா. பஸ்ஸில் வீடு திரும்பும் வரை அந்த மந்திரிதான் கண்ணுக்குள் நின்றது.