ஆர்கனுக்குத் தமிழ் மெட்டு ஆகாதா?

டிசம்பர் வந்தால் சென்னையில் நான் போகிற ஆராதனைகளில் ஆர்கனில் (குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் தேவாலயக் கருவி) கேட்பதெல்லாம் இங்கிலாந்து, ஜெர்மனி கேரல்கள்தான். தமிழ்க் கீர்த்தனை தொடங்கியதும் ஆர்கனிஸ்ட் கையை மடியில் வைத்துக்கொள்வார். கீபோர்டும் தபலாவும் பார்த்துக்கொள்ளும். இந்தப் பாகப்பிரிவினை எனக்குப் பிடிக்கவில்லை. நம் கிறிஸ்துமஸ் கீர்த்தனை மெட்டுகளை வைத்து ஆர்கனுக்கென்றே இசை எழுதவேண்டும் என்பது என் கட்சி.

பிரான்சில் 18-ம் நூற்றாண்டிலேயே இதைச் செய்துவிட்டார்கள். ஊரில் புழங்கிய மெட்டுகளுக்குக் கிறிஸ்துமஸ் பக்தி வரிகளைப் போட்டு ஜனங்கள் பாடியவைதான் அங்கே 'நோயல்'. லூயி குளோத் தாக்கேன் என்ற ஆர்கனிஸ்ட் அவற்றில் 12 எடுத்து ஆர்கனுக்கு எழுதினார். பாரிசின் செயின்ட் ரோக் தேவாலயத்தில் பால்பாத்ர் என்ற இன்னொரு ஆர்கனிஸ்ட் நள்ளிரவுப் பூசையில் நோயல் வாசித்தால் கூட்டம் தாங்காதாம். 1762-ல் பேராயர் தடையே போட்டுவிட்டார். நம் ஊரில் ஆர்கனிஸ்டுக்கு அப்படி ஒரு தடை வாங்கும் பாக்கியம் கிடைக்குமா!

தாக்கேன் முதலில் மெட்டை அப்படியே வாசிப்பார். அடுத்த சுற்றில் ஸ்வரங்கள் இரட்டிக்கும், அதற்கடுத்து இன்னும் வேகம். நடுவில் ஆர்கனின் ஒரு கீபோர்டு வரிசையில் சத்தமாகச் சொன்னதை இன்னொன்றில் மெதுவாக எதிரொலிப்பார். மார்கழிக் கச்சேரிக்குப் போகிறவருக்கு இது சங்கதி போடுவதுதான்.

கமகம் வராதே என்பார்கள். வராது, ஒப்புக்கொள்கிறேன்; பைப்பில் ஸ்வரத்தை வளைக்க முடியாது. ஆனால் சபை முழுக்கச் சேர்ந்து பாடும் கீர்த்தனையில் கமகம் எவ்வளவு இருக்கிறது? ஆர்மோனியத்தில் காலங்காலமாக வாசிக்கவில்லையா? எனக்கு உண்மையான பயம் வேறு: ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கீழே நாலு ஸ்வரம் சேர்ந்தொலிக்கும் கார்டு (chord) போட்டு, ராகத்தை மேற்கத்திய மெட்டு ஞானப்பாட்டாக்கிவிடுவது. அதற்குப் பதில் இடது கால் பெடலில் ஸட்ஜத்தை அழுத்தியபடி இருக்கட்டும். காலை எடுக்கும்வரை தேயாத அந்தச் சத்தம்தான் ஆர்கனின் பலம், சுருதிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மேலே ரீட் ஸ்டாப்பில் (நாக்குத் தகடு அதிர்ந்து ஒலிக்கும் குழாய் வரிசை) மெட்டு, கூட ஒரே ஒரு துணை மெட்டு. போதும்.

தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) கர்நாடக ராகங்களில் கிறிஸ்தவப் பாடல்களைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் தேவாலயத்திலும் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலிலும் பைப் ஆர்கன் இருக்கிறது. மேற்கத்திய இசையில் கிரேடு பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் இங்கே பஞ்சமில்லை. முழு ஆராதனையையும் மாற்றச் சொல்லவில்லை. காணிக்கை எடுக்கிற நேரத்துக்கு மூன்று நிமிடத் துண்டு ஒன்றை யாராவது எழுதி வாசியுங்கள். பிடிக்காதவர்கள் அந்த நேரத்தில் பர்ஸைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.