எட்டாம் இடத்துக்கு எப்படி வந்தான்?

ஆகஸ்ட் மாதம் வந்தாலே வயிறு எரிய ஆரம்பித்துவிடுகிறது. அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீகான மேஜர் லீகில் ஆடும் ஒவ்வொரு அணிக்கும், கீழே வளர்ந்துவரும் இளம் வீரர்களின் "முதல் 30 பிராஸ்பெக்ட்" பட்டியலைப் புதுப்பித்துப் போடுவார்கள். பெயருக்குப் பக்கத்தில் பச்சை அம்புக்குறி, சிவப்பு அம்புக்குறி. மார்ச்சில் 14ஆம் இடத்தில் இருந்த பையன் இப்போது 8. உடனே கொண்டாட்டம்: "பையன் பின்னி எடுக்கிறான், அடுத்த வருஷம் மேல வந்துடுவான்!" பையன் ஒன்றும் புதிதாகப் பின்னி எடுக்கவில்லை. நான்கு மாதமாக அதே டபுள்-ஏயில், அதே ஆட்டத்தைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறான். (கீழ் லீகுகள் சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ என்று படிப்படியாக ஏறும்; அதற்கு மேலே மேஜர் லீக்.) அவனுக்கு மேலே இருந்த ஆறு பேர் பட்டியலை விட்டுப் போயிருக்கிறார்கள். நடந்தது அது மட்டும்தான்.

எப்படிப் போனார்கள் என்று பாருங்கள். மேஜர் லீகில் 130 அட்-பேட்டை (பேட்டிங் வாய்ப்பை) தாண்டினாலும், 50 இன்னிங்ஸுக்கு மேல் பந்து வீசினாலும், ஆக்டிவ் ரோஸ்டரில் (களமிறங்கத் தயாராக இருக்கும் வீரர் பட்டியலில்) 45 நாளுக்கு மேல் இருந்தாலும் ரூக்கி, அதாவது புதுமுகம் என்ற தகுதி போய்விடும். பிராஸ்பெக்ட் பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அப்படி மூன்று பேர். ஜூலை கடைசியில், அணிகள் வீரர்களைப் பரிமாறிக்கொள்வதற்கான ட்ரேட் கெடு வருகிறது. பிளேஆஃபுக்கு முட்டி மோதும் அணி ஒரு ரிலீவருக்காகவும் (ஆட்டத்தின் நடுவே வந்து வீசும் பிட்சர்) ஒரு ஸ்டார்ட்டருக்காகவும் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்) இன்னும் மூன்று பேரைக் கொடுத்துவிடுகிறது. ஆறு பேர் காலி. 14 எட்டாகிவிட்டது. இதில் பையன் செய்த வேலை எங்கே?

இதே கணக்கு தலைகீழாகவும் வேலை செய்கிறது, அதுதான் இன்னும் கொடுமை. 2021லிருந்து, புது வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஜூலையில் நடக்கிறது. அதில் எடுத்த மூன்று கல்லூரிப் பையன்களை நேராக முதல் பத்துக்குள் செருகுவார்கள். வருடம் முழுக்க நன்றாக ஆடிய ஒருவன் 9லிருந்து 12க்கு இறங்கி, பெயர் பக்கத்தில் சிவப்பு அம்பு வாங்கிக்கொள்கிறான். "இவனுக்கு என்ன ஆச்சு, சறுக்கிட்டானே" என்று அடுத்த நாளே பேச்சு. ஒன்றும் ஆகவில்லை ஐயா! அந்த அம்புக்குறியை முதலில் எடுத்துத் தொலையுங்கள்.

வரிசை எண் என்பது வெறும் வரிசை. யார் யாருக்குப் பின்னால் நிற்கிறார் என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு தூரம் பின்னால் என்று சொல்லாது. அந்தத் தூரத்தைச் சொல்லத்தான், வீரர்களை நேரில் பார்த்து மதிப்பிடும் ஸ்கவுட்டுகள் 20-80 அளவுகோலை வைத்திருக்கிறார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஒவ்வொரு 10 புள்ளியும் ஒரு திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து விலகுவதை அளக்கும் ஒரு படி. பந்தை பேட்டில் வாங்கும் திறன், பவர், ஓட்டம், எறியும் கை, ஃபீல்டிங் என்று ஐந்துக்கும் தனித்தனி கிரேடு. எல்லாம் சேர்த்து எதிர்காலத்தில் என்ன ஆவான் என்பதற்கு ஒரு மொத்த கிரேடு. 60 என்றால் ஆல்-ஸ்டார் தரம். 50 தினமும் களமிறங்கும் சராசரி வீரர். 45 பாதி நாள் ஆடுபவர், அல்லது ரொட்டேஷனின் (முறை வைத்து வீசும் ஸ்டார்ட்டர்களின் வரிசை) வாலில் இருக்கும் ஸ்டார்ட்டர். 40 என்றால் ட்ரிபிள்-ஏக்கும் மேஜர் லீகுக்கும் நடுவே பெட்டி தூக்கிக்கொண்டு அலைபவர்.

இப்போது ஒரு நடுத்தரமான அணியின் பட்டியலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் இடத்தில் ஒரு 60. அடுத்து ஒரு 55. இரண்டு 50. ஆறேழு 45. பதினொன்றிலிருந்து முப்பது வரை எல்லாருமே 40 அல்லது அதற்கு அரைப்படி கீழே. முதல் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடுவே இருப்பது பள்ளத்தாக்கு. பதினேழுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளிகூட இல்லை. ஆனால் சண்டை முழுக்க அந்தப் பதினேழுக்கும் இருபத்திரண்டுக்கும்தான்! முப்பது பெயரை எழுதத் தெரிந்தவர்களுக்குப் பக்கத்தில் ஒரு கிரேடு எழுத என்ன கேடு? எங்கே கோடு உடைகிறது, எங்கே ஒரே தரத்தில் கூட்டமாக நிற்கிறார்கள் என்று காட்டினால் பாதிச் சண்டை அப்போதே அடங்கிவிடும். அணிகளை ஒன்று முதல் முப்பது வரை அடுக்குவதிலும் இதே குளறுபடிதான். பத்து 45-களைக் கூட்டினாலும் ஒரு 60 கிடைக்காது. களத்தில் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே) ஒருவர்தானே நிற்க முடியும்?

சரி, கிரேடு போடாதவர்கள் எதை வைத்து அடுக்குகிறார்கள்? பேட்டிங் சராசரியையும் (ஒரு அட்-பேட்டுக்கு எத்தனை ஹிட் என்ற விகிதம்) ஹோம் ரன்னையும் வைத்து. இங்கேதான் கோபம் தலைக்கு ஏறுகிறது.

ஆல்புகெர்கி ஊர் கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேலே இருக்கிறது. மேஜர் லீகின் கொலராடோ ராக்கீஸ் அணியின் ட்ரிபிள்-ஏ கிளை அங்கேதான். காற்றின் அடர்த்தி குறைவு, பந்து கூடுதல் தூரம் பறக்கும். அதே காற்றில் கர்வ்பாலும் ஸ்லைடரும் வழக்கம்போல் வளையாது, ஏனென்றால் சுழலும் பந்தை வளைப்பதே காற்றின் பிடிதான். ஆகவே அங்கே பேட்டருக்கு இரட்டை லாபம், பிட்சருக்கு இரட்டை நஷ்டம். ரீனோ, சால்ட் லேக் பக்கமும் கிட்டத்தட்ட இதே கதை. அங்கே .300 அடித்தவனையும், புளோரிடா ஸ்டேட் லீகின் பெரிய மைதானங்களில், ஈரக் காற்றில் .255 அடித்தவனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இவன்தான் மேல்" என்கிறார்கள். அந்த .255 பையனுக்கு 19 வயது, மற்றவனுக்கு 26 என்பதையாவது பார்க்க வேண்டாமா?

பிராண்டன் வுட் கதையை அதற்குள் மறந்துவிட்டார்களா? 2005இல் ஏஞ்சல்ஸ் அமைப்பில், கலிபோர்னியா லீகின் ராஞ்சோ குகமோங்காவுக்காக 43 ஹோம் ரன். அதுவும் ஒரு ஷார்ட்ஸ்டாப்! நாடு முழுக்க உச்சியில் வைத்துக் கொண்டாடினார்கள். அந்த லீக் பேட்டர்களின் சொர்க்கம் என்று எல்லாருக்கும் தெரியும். பேட்டில் படாமல் போகும் பந்துகள் எத்தனை என்பதும் கண்ணெதிரே இருந்தது. மேஜர் லீகில் அவருடைய மொத்த சராசரி .186, ஹோம் ரன் 18. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. 43 என்ற எண்ணை மட்டும் படித்துவிட்டு மற்றதைப் படிக்காமல் விட்டவர்கள் மேல்தான் தப்பு.

லீகுக்கு லீக் விதிகளும் மாறுகின்றன, அதையும் கணக்கில் எடுப்பதில்லை. 2023 சீசனின் முதல் பாதியில் டபுள்-ஏ சதர்ன் லீகில் மட்டும் பிடிமானத்துக்காக முன்கூட்டியே பசை ஏற்றிய பந்தைச் சோதித்துப் பார்த்தார்கள். ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி பேட்டர் அவுட் ஆவது) எகிறியது, பாதியிலேயே பழைய பந்துக்குத் திரும்பினார்கள். அந்த ஆண்டு அந்த லீகில் தடுமாறிய பேட்டரை "முடிந்தது கதை" என்று பட்டியலின் அடியில் தள்ளியவர்கள் எத்தனை பேர்! அதே 2023இல் ட்ரிபிள்-ஏ முழுக்க ஸ்ட்ரைக் ஜோனை (பந்து எந்த எல்லைக்குள் வந்தால் ஸ்ட்ரைக் என்பதை) கணிக்கக் கருவி வந்தது. ஜோன் இறுகியது, வாக் (நான்கு பந்து ஜோனுக்கு வெளியே போனால் பேட்டருக்குச் சும்மா கிடைக்கும் முதல் பேஸ்) கூடியது. "கண்ட்ரோல் போச்சு" என்று பிட்சரைத் திட்டினார்கள்.

அடுத்தது இரண்டு வார வெறி. பதினான்கு நாள், அறுபது தடவை பேட்டிங், சராசரி .380. உடனே "ஏன் இன்னும் மேலே ஏற்றவில்லை" என்று கூச்சல். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. பேட்டிங் சராசரிக்கு அது ஒத்துவராது. களத்துக்குள் விழும் பந்து ஹிட் ஆவதில் அதிர்ஷ்டத்தின் பங்கு ஏராளம், கீழ் லீகுகளில் ஃபீல்டிங் மோசம், தரையும் மேடு பள்ளம். சராசரி ஓரளவு நிலைக்கவே ஒரு முழு சீசனுக்கு மேல் ஆகும். ஆனால் அந்த அறுபதில் எத்தனை ஸ்ட்ரைக்-அவுட் என்பது ஓரளவு நம்பத்தகுந்த தகவல். அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

என்ன பார்க்க வேண்டும்? ஜோனுக்குள் வந்த பந்துக்கு பேட்டை வீசினால் பந்து பேட்டில் படுகிறதா. மேஜர் லீகில் இது 85 சதவீதத்தை ஒட்டி நிற்கும். ஜோனுக்கு வெளியே போகும் பந்தைத் துரத்துகிறானா. அங்கே சராசரி 30 சதவீதத்தைச் சுற்றி. பிறகு, அவன் அடித்த பந்துகளில் மிக வேகமான பத்தில் ஒரு பங்கு எங்கே தொடங்குகிறது. சராசரி வேகம் வேண்டாம், அதில் அரைகுறையாகப் பட்டவை எல்லாம் கலந்துவிடும். ஒரே ஒரு உச்ச வேகமும் வேண்டாம், அது ஒரு நாள் அதிர்ஷ்டமாக இருக்கலாம். ட்ரிபிள்-ஏக்கும் புளோரிடா ஸ்டேட் லீகுக்கும் இந்தத் தகவல் பொதுவில் கிடைக்கிறது. கிடைத்தும் பார்க்காமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

கண்ணால் பார்ப்பது இன்னொன்று. வலது கை பேட்டர், இரண்டு ஸ்ட்ரைக். வலது கை பிட்சரின் ஸ்லைடர் ஜோனின் நடுவில் வருவதுபோல் கிளம்பி, வெளியே தாழ்வாக விழுகிறது. பேட்டரின் முன்கால் ஊன்றியாகிவிட்டது. இடுப்பும் திறந்துவிட்டதா, கை பின்னாலேயே நிற்கிறதா? கை நின்றால் பந்தை விட்டுவிடலாம், அல்லது தட்டிக் கோட்டுக்கு வெளியே ஃபவுலாவது ஆக்கலாம். இடுப்போடு கையும் கிளம்பிவிட்டால் பேட் வெறும் காற்றில் சுழலும். ஹை-ஏயில் அந்த ஸ்லைடர் ஒரு ஆட்டத்துக்கு நாலைந்து தடவை வரும். டபுள்-ஏயில் அது வந்துகொண்டே இருக்கும். அங்கே ஒரு பையன் உடைகிறானா நிற்கிறானா என்பது இந்த அரை நொடிக்குள் தெரிந்துவிடும். ஆட்ட முடிவில் அவன் 4 வாய்ப்பில் 2 ஹிட் அடித்தானா என்பதில் தெரியாது.

ஓட்டத்துக்கு "70" கிரேடு என்று அடித்து விடுகிறார்களே, எதை வைத்து? ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸ் 90 அடி. பேட்டில் பந்து படும் நொடியில் ஸ்டாப்வாட்ச்சை அழுத்த வேண்டும், கால் பேஸைத் தொடும்போது நிறுத்த வேண்டும். வலது கைக்காரருக்கு 4.3 நொடி என்றால் 50; 4.0 என்றால் 80. இடது கைக்காரர் பேஸுக்கு நெருக்கமாக நிற்பதால் அவருக்கு 4.2, 3.9. அதாவது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஒரு முழு கிரேடு! கட்டைவிரல் தாமதித்தாலே 60 என்பது 50 ஆகிவிடும். பந்த் அடித்துவிட்டு (பேட்டைச் சுழற்றாமல் பந்தை மெல்லத் தட்டிவிட்டு) ஓடியதையும், பேட் சுழலும்போதே பாதி உடம்பு பேஸ் பக்கம் சாய்ந்து கிளம்பியதையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவுட்ஃபீல்டுக்கு ஹிட் போனால் வீரர் வளைந்து திரும்புவார், அதுவும் செல்லாது. முழு மூச்சாக ஓடிய தரைப் பந்து ஐந்தாறு கிடைக்க வேண்டும். ஒரு வீடியோவில் ஒரு ஓட்டத்தைப் பார்த்துவிட்டு 70 போடுவது அநியாயம்.

பிட்சர்கள் விஷயத்தில் ஏமாறுவது இன்னும் சுலபம். கல்லூரி முடித்து வந்த 22 வயது இடது கைக்காரர், 90 மைல் ஃபாஸ்ட்பால், நல்ல சேஞ்சப் (ஃபாஸ்ட்பால்போலக் கிளம்பி மெதுவாக வரும் பந்து). சிங்கிள்-ஏ பையன்கள் அந்த மாதிரி சேஞ்சப்பைப் பார்த்ததே இல்லை, வரிசையாக வீழ்வார்கள். இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் ரன்) 1.80. முதல் ஐந்தில் கொண்டுபோய் உட்கார வைக்கிறார்கள். டபுள்-ஏயில் பேட்டர் அந்தச் சேஞ்சப்பை விட்டுவிட்டு 90 மைலுக்காகக் காத்திருப்பான். இந்த இரண்டையும் தவிர மூன்றாவது ஆயுதம் இருக்கிறதா, ஐந்தாவது இன்னிங்ஸில் வேகம் எவ்வளவு இறங்குகிறது என்று கேட்டாலே விடை கிடைத்துவிடும்.

இன்னொரு பக்கம் பிட்சர் ஜேக்கப் டிகிராம். கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப். 2010 டிராஃப்டில் ஒன்பதாவது சுற்று. அதே ஆண்டு முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை. மேஜர் லீகுக்கு வரும்போது 25 வயது. 2014இல் சிறந்த புதுமுகம், 2018இலும் 2019இலும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஆல்பர்ட் பூஹோல்ஸ் 1999இல் 13ஆவது சுற்று. இன்னொரு நட்சத்திரம் ஹோசே அல்டுவே கையெழுத்துப் போட்டது 15,000 டாலருக்கு. முதல் நாள் போட்ட விலையையே கடைசி வரை பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். கையெழுத்துப் போடும்போது பெரிய போனஸ் வாங்கியவன் மூன்று வருடம் சொதப்பினாலும் பன்னிரண்டாம் இடம்; சின்னத் தொகைக்கு வந்தவன் மூன்று வருடம் அடித்தாலும் இருபத்தைந்து.

உச்சகட்டக் கொடுமை பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். ஜனவரி 15இல் டொமினிக்கன் குடியரசிலும் வெனிசுலாவிலும் இவர்களுக்கு அணிகளோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. வாய்மொழி ஒப்பந்தம் பலருக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே முடிந்துவிடுகிறது. அடுத்த மாதமே அந்தப் பிள்ளை அணியின் ஏழாவது பிராஸ்பெக்ட்! ஆதாரம் போனஸ் தொகையும், வலைக்குள் அடித்த ஒரு வீடியோவும். பிறகு டொமினிக்கன் சம்மர் லீகில் 60 ஆட்டம்கூட இல்லாத ஒரு சீசன். .210 அடிக்கிறான். அடுத்த பட்டியலில் பெயரே இல்லை, "ஏமாற்றம்" என்று ஒரு வரி. உயரம் இன்னும் மூன்று அங்குலம் ஏறலாம், எடை இருபது பவுண்டு கூடலாம், ஷார்ட்ஸ்டாப்பில் நிற்பானா மூன்றாம் பேஸுக்குப் போவானா என்பதே யாருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு ஏழு என்று எண் கொடுக்கவும் யாரும் கேட்கவில்லை, ஏமாற்றம் என்று எழுதவும் யாரும் கேட்கவில்லை. இருபது வயதுக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் அடியில் மூன்று விஷயம் எழுதுங்கள்: நேரில் பார்த்தது யார், எந்த மாதம், எத்தனை ஆட்டம். எழுத ஒன்றும் இல்லையென்றால் அந்தப் பெயரைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.