சேமநிதி வாங்கிய பங்கு இறங்காதா?

"ஊழியர் சேமநிதி வாங்கும் பங்கு இறங்காது, பெரிய முதலீட்டு நிறுவனங்களுக்கு உணர்ச்சி கிடையாது" என்றொரு செய்தி சுங்கை சிப்புட் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இரண்டும் தவறு.

ஒரு நிறுவனத்தில் 5 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்போர் வாங்கி விற்கும் மாற்றங்கள் மலேசியப் பங்குச் சந்தையான புர்சாவில் அறிவிக்கப்பட வேண்டும். ஆனால் அறிவிப்பு வருவது வாங்கிய, விற்ற பிறகுதான். சேமநிதி பல பங்குகளில் பணத்தைப் பரப்பியிருக்கிறது, ஒன்று சரிந்தால் தாங்கும். பால்வெட்டிச் சேர்த்த ஓய்வுப் பணத்தை ஒரே பங்கில் போட்டவர் பாவம்!

உணர்ச்சிக்கு வருவோம். 783 நிறுவன முதலீட்டுத் தொகுப்புகளை அலசிய ஆய்வு 2023-இல் வெளியானது. வாங்குவதில் அவற்றின் மேலாளர்கள் கெட்டிக்காரர்கள். விற்பதிலோ, கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றை விற்றிருந்தால்கூடக் கூடுதல் பலன் கிடைத்திருக்கும். மிக ஏறியதையும் மிக விழுந்ததையுமே அவர்கள் கை தேடியது. நிறுவனங்கள் இலாபக் கணக்கு வெளியிடும் நாள்களில் மட்டும் விற்பனை தேறியது.