"சின்ன கேஸ்தான், பார்த்துக்கலாம்": இந்த ஒரு வரிக்கா அவ்வளவு பீஸ்?

"ஒண்ணும் கவலைப்படாதீங்க. சின்ன கேஸ்தான், கவுன்டி கோர்ட்தானே, பார்த்துக்கலாம்." டெக்சஸில் கைதாகி, ஜாமீனில் வெளியே வந்து, கை நடுங்க வக்கீலுக்குப் போன் போடுகிறவருக்கு முதல் ஐந்து நிமிடத்தில் கிடைக்கிற அருள்வாக்கு இது. கேட்டதும் போன உயிர் திரும்பி வருகிறது. மறுபேச்சில்லாமல் கிரெடிட் கார்டு நம்பரைச் சொல்லிவிடுகிறார்கள். சட்டப்பிரிவு என்ன, எந்தத் தேதியில் கைதானார், எந்த விசாவில் இருக்கிறார், எதையும் கேட்காமலே அந்த வக்கீல் எதை வைத்து "சின்ன கேஸ்" என்று அளந்தார்? அதை யாரும் கேட்பதில்லை.

எவ்வளவு சின்னது என்று பார்ப்போமே. டெக்சஸில் கடைசிப் படியான கிளாஸ் சி குற்றத்துக்கு மட்டும்தான் வெறும் அபராதம், அதிகபட்சம் 500 டாலர். அது முனிசிபல் கோர்ட், ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட் என்ற கீழ்க் கோர்ட்டுகளிலேயே முடிகிற சமாச்சாரம். கவுன்டி கோர்ட்டுக்கு வருபவை கிளாஸ் பி, கிளாஸ் ஏ. கிளாஸ் பி என்றால் 180 நாள் வரை ஜெயில், 2000 டாலர் வரை அபராதம். கிளாஸ் ஏ என்றால் ஓராண்டு வரை ஜெயில், 4000 டாலர். ஓராண்டு! இதுதான் அவர்கள் அகராதியில் சின்னது.

சரி, வக்கீலை எப்படிப் பிடிக்கிறார்கள்? வாட்ஸ்அப் குழுவில், "நண்பருக்காகக் கேட்கிறேன், நல்ல லாயர் யாராவது?" உடனே நான்கு பேர் நான்கு நம்பர் தட்டுகிறார்கள். ஒருவர் வீடு வாங்கும்போது பத்திரம் பார்த்தவர். ஒருவர் ஸ்பீடிங் டிக்கெட்டைக் கரைத்துக் கொடுத்தவர். ஒருவர் எச்-1பி போடுகிறவர். கிரிமினல் வழக்கு மட்டுமே பார்க்கிறவர் அதில் ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம். டெக்சஸ் பார் என்ற வக்கீல்கள் அமைப்பின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் லைசென்ஸ் எந்த ஆண்டு, ஒழுங்கு நடவடிக்கையில் தண்டனை வாங்கியிருக்கிறாரா, கிரிமினல் சட்டத்தில் தனித் தேர்ச்சிக்கான போர்டு சர்ட்டிஃபிகேஷன் உண்டா, எல்லாம் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். புது மிக்ஸி வாங்க நாற்பது ரிவ்யூ படிக்கிற கூட்டம் நாம், இதைப் பார்ப்பதில்லை.

எந்த கவுன்டி என்று பார்ப்பதும் இல்லை. ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம், ஃபிரிஸ்கோ வக்கீல் போதும் என்று நினைப்பு. ஃபிரிஸ்கோவே காலின், டென்டன் என்று இரண்டு கவுன்டியில் கிடக்கிறது. சாலைக்கு இந்தப் பக்கம் பிடிபட்டால் வழக்கு மெக்கின்னியில், அந்தப் பக்கம் பிடிபட்டால் டென்டனில். கேட்டியும் அப்படித்தான், மூன்று கவுன்டியில் பரவிக் கிடக்கிற ஊர். ஒவ்வொரு கவுன்டியிலும் அரசு வக்கீல் ஆபீஸ் வேறு, டைவர்ஷன் திட்டம் (நிபந்தனைகளை முடித்தால் வழக்கையே கைவிடும் ஏற்பாடு) வேறு, யாருக்கு அதைத் தருவார்கள் என்ற கணக்கும் வேறு. அந்தக் கோர்ட்டில் மாதத்துக்கு எத்தனை நாள் நிற்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "நான் டெக்சஸ் முழுக்கப் போவேன்" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

திருட்டு கேஸைப் பற்றிப் பேசினால்தான் வயிறு எரிகிறது. செல்ஃப் செக்அவுட்டில் பத்துப் பொருளை ஸ்கேன் செய்து மூன்றை விட்டுவிட்டு வாசலுக்கு வந்ததும் கடை ஆள் பிடித்துக்கொள்கிறார். உள்ளே ஒரு அறையில் உட்காரவைத்து ஒரு தாளை நீட்டுகிறார், "கையெழுத்துப் போட்டா போயிடலாம்" என்று. அதில் "நான் எடுத்தேன்" என்று ஒரு வரி இருக்கும். போட்டுவிடுகிறார்கள். அப்புறம் கடையின் சார்பில் இழப்பீடு கேட்டு ஒரு கடிதம் வரும். பணத்தைக் கட்டினால் கேஸ் முடிந்தது என்று நம்பிக் கட்டுகிறார்கள். அது சிவில் கணக்கு. கிரிமினல் வழக்கு அது பாட்டுக்கு நடக்கும்.

இந்த வழக்கில் உயிர்நாடி பொருளின் விலைதான். 100 டாலரிலிருந்து 750-க்குக் கீழ் வரை கிளாஸ் பி. 750 முதல் 2500-க்குக் கீழ் வரை கிளாஸ் ஏ. அமெரிக்கக் குடிமகனுக்கு இது ஜெயில் நாள் கணக்கு, அவ்வளவுதான். விசாவில் இருப்பவருக்கு வாழ்க்கைக் கணக்கு. திருட்டு என்பது குடியேற்றச் சட்டத்தில் ஒழுக்கக்கேடான குற்றம். அமெரிக்காவுக்குள் வந்த ஐந்து ஆண்டுக்குள் செய்த குற்றமாக இருந்து, அதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்க முடியும் என்றிருந்தால், அந்த ஒரே தண்டனை நாடு கடத்தப் போதும். நிஜமாக ஒரு நாள்கூட உள்ளே இருக்க வேண்டாம், விதிக்க முடியும் என்றிருந்தாலே போதும். கிளாஸ் ஏ-க்கு உச்சவரம்பு ஓராண்டு, சிக்கிவிடும். கிளாஸ் பி-க்கு 180 நாள். அந்தப் பிரிவில் சிக்காது. கலிஃபோர்னியா 2015-லும் நியூயார்க் 2019-லும் இந்த ஒரு நாளுக்காகவே உச்சவரம்பை 364 நாளாகக் குறைத்தன. டெக்சஸ் குறைக்கவில்லை. ஆகவே 780 டாலர் என்று போலீஸ் எழுதிய பில்லில் தள்ளுபடி விலை எது, வரியைச் சேர்த்துவிட்டார்களா என்று உட்கார்ந்து கூட்டிக் கழித்து 750-க்குக் கீழே இறக்கப் போராடுகிறவர்தான் வக்கீல். எத்தனை பேர் அந்த ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள்?

பார்க்காமல் என்ன செய்கிறார்கள்? "டிஃபர்டு வாங்கித் தந்துட்டேன், கன்விக்ஷனே கிடையாது!" என்று வெற்றிச் செய்தி அனுப்புகிறார்கள். டெக்சஸ் சட்டப்படி டிஃபர்டு அட்ஜுடிகேஷன், அதாவது தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு புரொபேஷன் என்ற கண்காணிப்பில் விடுவது, தண்டனைத் தீர்ப்பு இல்லைதான், சரி. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டோ, எதிர்க்கவில்லை என்றோ ப்ளீ கொடுத்து, கோர்ட் ஏதாவது ஒரு கட்டுப்பாடு விதித்துவிட்டால், குடியேற்றச் சட்டத்துக்கு அது கன்விக்ஷன். புரொபேஷனை ஒழுங்காக முடித்தாலும் கன்விக்ஷன். ரெக்கார்டை மறைத்துவைத்தாலும் கன்விக்ஷன். 2010-ல் படில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குடிமகன் அல்லாத கட்சிக்காரருக்கு நாடு கடத்தும் ஆபத்தை எடுத்துச் சொல்வது வக்கீலின் கடமை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. இத்தனை ஆண்டு கழித்தும் "அது இமிகிரேஷன் வக்கீல் வேலை, என்கிட்ட கேட்காதீங்க" என்று தோளைக் குலுக்குகிறவர்களை என்ன சொல்ல?

நமக்கு வேண்டியது, முடிந்தால், ப்ளீயே இல்லாத டைவர்ஷன். அதிலும் கண்ணி உண்டு. சில இடங்களில் திட்டத்தில் சேரும்போதே குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதித் தரச் சொல்வார்கள். அந்தத் தாளைக் கையெழுத்துக்கு முன்னால் ஒரு இமிகிரேஷன் வக்கீல் வரிவரியாகப் படிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டபின் காட்டுவது பிரேதத்துக்கு வைத்தியம்.

குடித்துவிட்டு ஓட்டிய கேஸில் கதை வேறு. அங்கே முதல் எதிரி நாட்காட்டி. ஸ்டேஷனில் டிஐசி-25 என்று ஒரு தாள் கொடுப்பார்கள். அதுதான் டிரைவிங் லைசென்ஸ் ரத்து நோட்டீஸ், அதுவே தற்காலிக லைசென்ஸும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் ஏஎல்ஆர் விசாரணை, அதாவது இந்த ரத்தை எதிர்க்கும் தனி விசாரணை, கேட்டு மனுப் போட வேண்டும். போடாவிட்டால் 40-வது நாள் லைசென்ஸ் தானாக முடங்கும்: மூச்சு அல்லது ரத்த டெஸ்டில் தவறியிருந்தால் 90 நாள், டெஸ்டுக்கே மறுத்திருந்தால் 180 நாள். பஸ் இல்லாத ஊரில் இது வீட்டுச் சிறை. அதைவிட, அந்த விசாரணைக்கு போலீஸ்காரரை சம்மன் போட்டு வரவழைத்து, சத்தியப் பிரமாணத்தின்கீழ் குறுக்கு விசாரணை செய்யலாம். முதன்மை வழக்குக்கு முன்பே அவர் வாயிலிருந்து பதிவான வாக்குமூலம் கையில் இருக்கும். இப்படி ஒரு வாய்ப்பை, "எப்படியும் தோற்போம், விடுங்க" என்று தூக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் போனிலேயே "டிஐசி-25 தாளில் என்ன தேதி?" என்று கேட்காதவர் இந்த கேஸுக்கு ஆள் இல்லை.

டெஸ்டில் ஆல்கஹால் அளவு 0.15-ஐத் தொட்டால் முதல் தடவையே கிளாஸ் ஏ. தண்டனை விதிக்கப்பட்டால் கோர்ட் அபராதம் போக மாநிலத்துக்கு 3000 டாலர், 0.15-ஐத் தொட்டவருக்கு 6000. விசாவோ, தீர்ப்புக்குக்கூடக் காத்திருக்காது. கைதான செய்தி போனாலே வெளியுறவுத் துறை பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டாம்பை ரத்து செய்யலாம். உள்ளே இருக்கும்வரை ஸ்டேட்டஸ் பொதுவாக அதனால் தானாகப் போகாது. ஆனால் தங்கை கல்யாணத்துக்கு என்று சென்னைக்குப் போனால், திரும்ப வரப் புது ஸ்டாம்ப் வேண்டும், அதற்கு மெடிக்கலுக்கும் அனுப்புவார்கள், மாதங்கள் ஓடும். டிக்கெட் போடும் முன் இதைச் சொல்லும் வக்கீல் எத்தனை பேர்?

இப்போது அந்தப் பீஸ் ஒப்பந்தம். ஒரே பக்கம். "கட்சிக்காரரைப் பிரதிநிதித்துவம் செய்ய இவ்வளவு டாலர்." முடிந்தது! அந்தத் தொகை ட்ரயல் வரைக்குமா, ட்ரயலுக்கு முன்பு வரைதானா? பெரும்பாலும் முன்பு வரைதான். ட்ரயல் என்றதும் தனி பில் நீளும், அதைக் கட்ட முடியாமல்தான் பாதிப் பேர் வேண்டாத ப்ளீயில் கையெழுத்துப் போடுகிறார்கள். ஏஎல்ஆர் உண்டா? ரெக்கார்டை அழிக்கும் எக்ஸ்பங்ஷன் மனு உண்டா? வாய்தாவுக்கு இவரே வருவாரா, அனுப்பிவைக்கும் ஜூனியரா? எல்லாம் எழுத்தில் வேண்டும். "நான்-ரீஃபண்டபிள்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பார்கள், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பாதியில் வக்கீலை மாற்றினால், செய்யாத வேலைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் டெக்சஸ் நடத்தை விதி. மேலே என்ன அச்சடித்தாலும் அது மாறாது. "டிஸ்மிஸ் ஆனா மட்டும் காசு" என்று சொல்கிறவரிடம் இன்னும் வேகமாக ஓடுங்கள், கிரிமினல் வழக்கில் அப்படிப் பீஸ் பேசுவதற்கே தடை.

"வீடியோவைக் கொடுங்க" என்று சண்டை போடுகிற கட்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த ஒரு விஷயத்தில் வக்கீல் மேல் தப்பில்லை. 2014-ல் நடைமுறைக்கு வந்த மைக்கேல் மார்ட்டன் சட்டப்படி போலீஸ் வீடியோ, அறிக்கை எல்லாம் கேட்டால் அரசுத் தரப்பு தர வேண்டும். ஆனால் வக்கீல் அதை உங்களுக்குக் காட்டலாம், பிரதி தரக் கூடாது. அதனால் கேட்க வேண்டிய கேள்வி "எப்போ அனுப்புவீங்க?" அல்ல, "எப்போ உங்க ஆபீஸில் உட்கார்ந்து சேர்ந்து பார்க்கலாம்?" மூன்று வாய்தா கடந்தும் வீடியோவையே பார்க்காமல் "நல்ல ஆஃபர் வந்திருக்கு" என்கிறவரிடம், எதை வைத்து நல்லது என்கிறீர்கள் என்று கேளுங்கள். முகம் போகிற போக்கைப் பார்க்கலாம்.

எக்ஸ்பங்ஷனிலும் ஒரு அவசரம் ஆபத்து. ரெக்கார்டு அழிந்தபின் கோர்ட்டிலிருந்து சான்றிட்ட நகல் கிடைக்காது. தூதரகத்தின் டிஎஸ்-160 படிவமோ "எப்போதாவது கைதானதுண்டா" என்றுதான் கேட்கிறது. "ஆம்" போட்டுவிட்டு, வழக்கு தள்ளுபடியானதைக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் நிற்பது கொடுமை. மனுப் போடும் முன் சான்றிட்ட நகல் மூன்று நான்கு எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்ல வக்கீலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிடம்.

குடும்பச் சண்டை கேஸில் மனைவியே வந்து "நான் கேஸை வாபஸ் வாங்கறேன்" என்று சொன்னாலும் முடியாது, வழக்குப் போட்டது மாநிலம். அவர் எழுதித் தரும் அஃபிடவிட்டை அரசு வக்கீல் படிப்பார், கேட்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தீர்ப்பில் குடும்ப வன்முறை என்று கோர்ட் ஒரு வரி சேர்த்துவிட்டால், டிஃபர்டை முடித்தாலும் ரெக்கார்டை மூட வழி கிடையாது, அடுத்த தடவை அதே குற்றச்சாட்டு வந்தால் ஃபெலனி என்ற பெரிய குற்றம். இந்த ஒரு வரிக்காகத்தான் மாதக்கணக்கில் பேரம் பேச வேண்டும். இதையும் "சின்ன கேஸ்" என்கிறார்கள்.

நம் பக்கத்துக் கூத்தும் கொஞ்சமில்லை. வக்கீல் அறைக்கு மாமா, மச்சான், பக்கத்து வீட்டு அண்ணன் என்று படையோடு போகிறார்கள். மூன்றாம் ஆள் உட்கார்ந்திருந்தால் அந்தப் பேச்சுக்கு உள்ள ரகசியக் காப்பு கேள்விக்குள்ளாகும். ஜெயில் போனில் தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்று நடந்ததையெல்லாம் கொட்டுகிறார்கள். எல்லாம் ரெக்கார்டாகிறது, மொழிபெயர்க்க ஆளா இல்லை?

ஆளை முடிவு செய்யும் முன் ஒரு காலை வேளை லீவு போட்டுவிட்டு அந்தக் கவுன்டி கோர்ட்டுக்கே போய் உட்காருங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள், பொதுமக்களுக்குத் திறந்த இடம்தான். வழக்குப் பட்டியல் கூப்பிடும் முன் வராண்டாவைப் பாருங்கள். ஒரு வக்கீல் கட்சிக்காரரை ஓரமாக உட்காரவைத்து, போலீஸ் அறிக்கையில் பென்சிலால் கோடு போட்டு விளக்கிக்கொண்டிருப்பார். இன்னொருவர் கையில் பத்து ஃபைலோடு நடுவில் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு தமிழ்ப் பெயரைத் தப்பும் தவறுமாகக் கத்திக்கொண்டிருப்பார், யார் தன் கட்சிக்காரர் என்றே தெரியாமல். நாலடி தள்ளி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிற பையன் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்குவான்.